காட்டுக்குப் போய்த் திரும்பும் நியூட்

கான்ஸ்டன்டைன் ராஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளருக்குப் பெயர் வைப்பது ஒரு பித்து. கான்ஸ்டான்டிநோப்பிளில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, கென்டக்கியில் பேராசிரியராக இருந்தவர். செடி, மீன், சிப்பி, வௌவால் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் லத்தீன் பெயர் சூட்டினார். பறவை ஓவியர் ஆடுபன் வேடிக்கைக்காக இல்லாத மீன்களை இருப்பதாக வர்ணித்துச் சொல்ல, அவற்றையும் நம்பி அச்சேற்றிவிட்டார் என்பது உயிரியலாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. 1820-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு ஏட்டில் இரண்டு அமெரிக்க நியூட்டுகள் இடம்பெற்றன. ஒன்று ஏரியிலும் ஓடையிலும் நீந்துவது, ஆலிவ் பச்சை. மற்றது தரையில் நடப்பது, செந்தூர நிறம். முன்னதற்கு விரிடெசன்ஸ் என்று பெயர் வைத்தார், பின்னதற்கு மினியாட்டஸ்.

இந்த முறை அவரை ஏமாற்றியவர் யாரும் இல்லை, அந்த விலங்கே ஏமாற்றிவிட்டது. காட்டில் நடந்த சிவப்பு நியூட், குளத்தில் நீந்திய பச்சை நியூட்டின் இளமைப் பருவம். இரண்டும் ஒரே இனம். பின்னால் வந்தவர்களுக்கும் இந்த முடிச்சு எளிதில் அவிழவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சைமன் ஹென்றி கேஜ் 1891-இல் இதன் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிவைத்த பிறகுதான் விஷயம் துலங்கியது. இன்று வழங்கும் அறிவியல் பெயர் நோட்டோப்தால்மஸ் விரிடெசன்ஸ். இதில் பேரினப் பெயர் காட்டு வடிவத்துக்காக ராஃபினெஸ்க் உருவாக்கியது, சிற்றினப் பெயர் அவர் நீர் வடிவத்துக்கு வைத்தது. பாவம் மனிதர், ஒரு வகையில் இரண்டு பெயருமே நிலைத்துவிட்டன.

நியூட் நம் பக்கத்து விலங்கு அல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள இருவாழ்விகள் தவளை, தேரை, பிறகு மண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்கள், அவ்வளவுதான். வாலும் நான்கு காலும் கொண்ட சாலமாண்டர் கூட்டத்தை இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் வடகிழக்கு மலைகளுக்குப் போக வேண்டும். டார்ஜிலிங் பக்கத்துக் குளங்களில் வாழும் இமாலய நியூட்டை 2015-இல்தான் தனி இனமாகப் பிரித்து விவரித்தார்கள். நியூட்டுகள் சாலமாண்டர்களில் ஒரு கிளை. முதல் பார்வைக்குப் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் உடலில் செதில் கிடையாது, விரலில் நகம் கிடையாது, முட்டைக்கு ஓடு கிடையாது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா எங்கும் பல இனங்கள் உண்டு. ராஃபினெஸ்க்கைக் குழப்பிய கிழக்கத்திய நியூட், கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை பரவியிருப்பது. நியூட்டுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கும் தரைக்கும் மாறி மாறிப் போகக்கூடியவைதான். ஆனாலும் இவ்வளவு தீர்மானமாக வீட்டைவிட்டுப் போய், ஆண்டுக்கணக்கில் வெளியே திரிந்து, வேறு உடலோடு திரும்புவது இதைப்போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வசந்தத்தில் குளத்து நீர் சற்றே சூடேறத் தொடங்கியதும் பெண் முட்டையிடும். தவளையைப் போல மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதில்லை. ஒரு முட்டைக்கு ஒரு இலை என்று கணக்கு. நீர்ச்செடியைப் பின்னங்கால்களால் அணைத்து, இலையை மடக்கி, மடிப்புக்குள் முட்டையை ஒட்டவைத்து, சிறிது நேரம் அப்படியே பிடித்திருக்கும். பிறகு அடுத்த இலைக்கு நகரும். இப்படி 200 முதல் 375 முட்டைகளை வாரக்கணக்கில் இட்டு முடிக்கும். ஒவ்வொன்றும் கேழ்வரகு மணி அளவு, சுற்றிலும் ஜெல்லி உறை. நீர்ப்பூச்சிகளும் மீன்களும் முட்டை தின்னிகள். பிற நியூட்டுகளும் தின்னும். இத்தனை பாடுபட்டு ஒளித்துவைப்பதோடு தாயின் வேலை முடிந்தது. அதற்குமேல் காவலும் இல்லை, கவனிப்பும் இல்லை.

மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் லார்வா வெளிவரும். கழுத்தின் இருபுறமும் இறகு விரித்தாற்போல் செவுள்கள் வெளியே தெரியும். தவளையின் தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால் முளைப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். நியூட் லார்வாவுக்கு முன்னங்கால்தான் முதலில். தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்றே வளர்ந்துவிடும். இதற்கு முதல் நாளிலிருந்தே அசையும் இரை வேண்டும். நீர்த் தெள்ளு, கொசுப்புழு என்று வாய்க்கு அடங்குவதையெல்லாம் பிடித்துத் தின்னும். சில மாதங்களில் தைராய்டு சுரப்பி தன் வேலையைத் தொடங்குகிறது. செவுள்கள் சுருங்கி மறைகின்றன, நுரையீரல் பொறுப்பேற்கிறது. கண்ணுக்கு இமை வருகிறது. வாலின் துடுப்பு கரைந்து வால் உருண்டையாகிறது. வழவழப்பான தோல் தடித்து, சொரசொரப்பாகி, சிவக்கிறது. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் மழை நாட்களில், விரல் நீளம்கூட இல்லாத இந்தச் சிறு உயிர் கரையேறி நடக்கத் தொடங்கும்.

இனி அதை யாராவது எடுத்துத் தண்ணீரில் விட்டால், கரையேறத்தான் பார்க்கும்.

ரெட் எஃப்ட் என்று அமெரிக்கர்கள் அழைப்பது இந்தப் பருவத்தைத்தான். இது இரண்டாண்டும் நீடிக்கலாம், ஏழாண்டும் நீடிக்கலாம். அப்பலாச்சிய மலைகளில் நடைபயணம் போகிறவர்களுக்குப் பழக்கமான விலங்கு. மழை பெய்து ஓய்ந்ததும், பாசி படர்ந்த தரையில், பட்டப்பகலில், அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கும். இருவாழ்விகளில் பெரும்பாலானவை பகலில் கல்லுக்கடியில் கிடக்க, இது மட்டும் நடுவழியில் நின்று ஆளைப் பார்க்கும். குழந்தைகள் கையில் எடுத்து விளையாடுவார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1985-இல் இந்த நியூட்டைத் தன் மாநில இருவாழ்வியாக அறிவித்தது. காட்டுத் தரையின் மட்கில் உள்ள உண்ணிகள், சிறு நத்தைகள், வால்துள்ளிப் பூச்சிகள்தான் உணவு. பனிக்காலம் வந்தால் மட்கிய மரத்துக்கடியிலோ வேர் இடுக்கிலோ உறைபனி எட்டாத ஆழத்தில் ஒடுங்கிக்கொள்ளும். மாசசூசெட்ஸ் காடுகளில் குறியிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு எஃப்ட்டும் சில நூறு சதுர மீட்டர் பரப்புக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. குளத்திலிருந்து 800 மீட்டர் தள்ளிக்கூட அவை இருந்தன. உங்கள் சுண்டுவிரல் அளவு உடல், அதில் அரை அங்குலக் கால்கள் என்று வைத்துப் பார்த்தால் அது சாதாரணத் தொலைவு அல்ல.

இந்த அலட்சியமான நடைக்குக் காரணம் தோலில் இருக்கிறது. கிழக்கத்திய நியூட்டின் தோல் சுரப்பிகளில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நம் கடலோர மீனவர்கள் வலையில் சிக்கினால் தூக்கி எறியும் பேத்தை மீனில் இருப்பதும் இதே நஞ்சுதான். நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாசலை இது அடைத்துவிடுகிறது. செய்தி கடத்த முடியாமல் நரம்பு ஓய்கிறது, தசை ஓய்கிறது, கடைசியில் மூச்சு நின்றுபோகிறது. குளத்தில் வாழும் வளர்ந்த நியூட்டைவிட, காட்டில் திரியும் எஃப்ட்டின் தோல் சுமார் பத்து மடங்கு நஞ்சு மிக்கது என்று 1960-களில் எட்மண்ட் பிராடி கண்டார். ஒளிந்துகொள்ள நீரில்லாத பருவத்துக்குத்தான் கவசம் அதிகம். செந்தூர நிறம் அந்தக் கவசத்துக்கு மாட்டிய அறிவிப்புப் பலகை. தொந்தரவு செய்தால் எஃப்ட் உடலை வில்லாக வளைத்து, தலையையும் வாலையும் மேலே தூக்கி, நிறம் பளிச்சிடும் அடிப்பக்கத்தைக் காட்டும். ஒருமுறை கடித்து வாந்தியெடுத்த பறவை மறுமுறை சிவப்பைக் கண்டாலே ஒதுங்கிப்போகும். இதைப் பயன்படுத்திக்கொண்ட போலிகளும் உண்டு. அதே காடுகளில் வாழும் செம்முதுகு சாலமாண்டரில் சில, உடல் முழுக்கச் சிவந்து பிறக்கின்றன. எஃப்ட்டின் பெயரால் அவையும் தப்பிக்கின்றன.

அமெரிக்காவின் மறுகரையில், ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் சொரத்தோல் நியூட்டோடு ஒப்பிட்டால் இந்த நஞ்சு ஒன்றுமே இல்லை. அதன் பேரினத்து நியூட்டுகளின் நஞ்சை ஆராய்ந்தவர்கள் முதலில் அதற்கு டாரிக்காடாக்சின் என்று தனிப் பெயர் வைத்தார்கள். 1964-இல்தான் அது பேத்தை மீன் நஞ்சேதான் என்று உறுதியானது. 1979-இல் அங்கே 29 வயது இளைஞர் ஒருவர் அப்படியொரு நியூட்டை விழுங்கி அன்றே உயிரிழந்தார், மருத்துவ இதழில் பதிவான சாவு அது. அதே ஊர்ப் பக்கத்தில் ஒரு வகைப் பாம்பு இந்த நியூட்டைத் தின்றுவிட்டுப் பிழைக்கிறது. பாம்பின் நரம்பு வாசல் நஞ்சு ஒட்டாதபடி மாறியிருக்கிறது. நியூட்டுக்கு நஞ்சு கூட, பாம்புக்குத் தாங்கும் சக்தி கூட, இப்படியே இரண்டும் போட்டியில் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. நஞ்சை நியூட்டே தயாரிக்கிறதா, அல்லது தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துத் தருகின்றனவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சொரத்தோல் நியூட்டின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாக்கள் இந்த நஞ்சைச் சுரந்ததாக 2020-இல் வந்த ஆய்வு, தராசைப் பாக்டீரியா பக்கம் சாய்த்திருக்கிறது.

எஃப்ட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம் எப்படித் தெரிகிறது? 1930-களின் இறுதியிலிருந்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த நியூட்டின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து எஃப்ட்டின் உடலுக்குள் வைத்தால், சில நாட்களில் அது தண்ணீரைத் தேடிப் போய் இறங்கிவிடும். அந்தச் சுரப்பியிலிருந்து வேலை செய்தது புரோலாக்டின் என்ற ஹார்மோன் என்று பின்னர் தெரிந்தது. மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் அதே புரோலாக்டின், இங்கே ஒரு நாடோடியைக் குளத்துக்கு அழைத்து வருகிறது. முதல் உருமாற்றத்தில் தைராய்டு கரைக்கு அனுப்பியதை இரண்டாவது உருமாற்றத்தில் இது திருப்பி அழைக்கிறது. உருமாற்றம் என்றாலே புழு பட்டாம்பூச்சியாவது போல ஒருவழிப் பாதை என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். நியூட் அந்த நினைப்பைக் கலைக்கிறது.

திரும்பி வரும்போது உடலில் நடப்பதை உயிர்வேதியியல் நோக்கில் பார்த்தவர்களில் ஜார்ஜ் வால்ட் முக்கியமானவர். பார்வையின் வேதியியலுக்காக 1967-இல் நோபல் பரிசு பெற்றவர். தரையில் வாழும் விலங்குகளின் விழித்திரையில் பொதுவாக ரொடாப்சின் என்ற நிறமி இருக்கும். நன்னீர் மீன்களின் விழித்திரையில் போர்ஃபைராப்சின் இருக்கும். நன்னீருக்குள் ஊடுருவும் ஒளி சிவப்புப் பக்கம் சாய்ந்தது, அதைப் பிடிக்க இந்த நிறமி ஏற்றது. தரையில் திரியும் எஃப்ட்டின் கண்ணில் ரொடாப்சின் மிகுந்திருக்க, குளத்துக்கு வந்த நியூட்டின் கண்ணில் போர்ஃபைராப்சின் இருப்பதை வால்ட் கண்டார். கண் திறந்திருக்கும்போதே உள்ளே நிறமியை மாற்றிக்கொள்கிறது. சிறுநீரும் மாறுகிறது. குளத்து லார்வா கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாக நீரில் விட்டுவிடும், தண்ணீர் சிக்கனம் தேவைப்படும் எஃப்ட் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றும். குளம் திரும்பிய நியூட்டில் அம்மோனியாவின் பங்கு மறுபடி கூடுகிறது. தோல் மெலிந்து வழவழப்பாகிறது, வால் தட்டையாகித் துடுப்பு முளைக்கிறது. மேலே ஆலிவ் பச்சை, வயிறு மஞ்சள். முதுகில் கருவளையமிட்ட செம்புள்ளிகள் மட்டும் காட்டு நாட்களிலிருந்து மிச்சம். செவுள்கள் திரும்ப வருவதில்லை. மேலே வந்து மூச்செடுத்துக்கொண்டும், தோல் வழியாக உயிர்வளியை உறிஞ்சிக்கொண்டும் சமாளிக்கிறது.

வழி எப்படித் தெரிகிறது என்பது தனிக் கதை. ஜான் ஃபிலிப்ஸ் என்ற ஆய்வாளர் இந்த ஒரு விலங்கை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் பாடுபட்டார். ஒரு பக்கம் சரிந்து கரையாகும் தொட்டியில் நியூட்டுகளை விட்டு, கரை எந்தத் திசை என்று பழகவைத்தார். பிறகு வட்டமான கூண்டில் விட்டு, நீரைச் சூடாக்கிக் கரையை நாடவைத்தார். சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து காந்தப்புலத்தைத் திருப்பினால், நியூட்டுகளும் அதற்கேற்பத் திரும்பின. 1986-இல் இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னார். கரையைத் தேடும்போது ஒரு வகைக் காந்த உணர்வையும், வீடு திரும்பும்போது வேறொரு வகையையும் இவை பயன்படுத்துகின்றன என்றார். 1992-இல் வந்த சோதனை ஒளியைப் பற்றியது. வழக்கமான ஒளியிலும் நீல ஒளியிலும் நியூட்டுகள் சரியான திசை பார்த்தன. நீண்ட அலைநீளம் கொண்ட மஞ்சள் ஒளியில் மட்டும் விட்டால், ஏறக்குறைய 90 பாகை விலகிப்போயின. ஆக, திசைகாட்டி ஒளியோடு பிணைந்தது.

இதைக் கேட்டதும் கண்தான் அந்த உறுப்பு என்று யாரும் சொல்வார்கள். 1999-இல் ஃபிலிப்ஸும் அவருடைய கூட்டாளிகளும் நியூட்டுகளின் உச்சந்தலையில் சிறு வடிகட்டித் தொப்பிகளை ஒட்டினார்கள். கண்கள் திறந்தே இருந்தன. தலை உச்சிக்கு மஞ்சள் ஒளி மட்டும் போகும்படி தொப்பி வைத்தவை திசை மாறின. ஒளிபுகும் தெளிந்த தொப்பி வைத்தவை மாறவில்லை. மண்டையோட்டின் மெல்லிய கூரை வழியே பினியல் உறுப்புப் பக்கம் விழும் ஒளிதான் காந்தத் திசையை நியூட்டுக்குக் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். தலையில் தொப்பி போட்ட நியூட்டை நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு தெளிவான விடை கிடைத்த சோதனைகள் குறைவு. திசை தெரிவது ஒன்று, இடம் தெரிவது மற்றொன்று. பழக்கமில்லாத ஊருக்கு, போகும் வழி தெரியாதபடி மூடி எடுத்துப்போய் விட்டபோதும் நியூட்டுகள் தங்கள் சொந்தக் குளத்தின் பக்கம் பார்த்துத் திரும்பின. 1995-இல் ஃபிலிப்ஸ், கிரெய்க் ஆட்லர், எஸ். சி. போர்லண்ட் மூவரும் அதை எழுதினார்கள்.

குளத்துக்கு வந்தபின் காதல். ஆணின் பின்னங்கால்களில் இனப்பெருக்கக் காலத்தில் கருமையான முரட்டு மேடுகள் தோன்றும், பிடி வழுக்காமலிருக்க. அந்தக் கால்களால் பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தன் கன்னச் சுரப்பிகளை அவள் மூக்கில் தேய்த்து, வாலால் நீரை அலைத்துத் தன் மணத்தை அவள் பக்கம் செலுத்தும். மணிக்கணக்கில் இது நடக்கலாம். பிறகு பிடியை விட்டு முன்னால் நடக்கும். பெண் பின்னால் வந்து அதன் வாலடியை முகத்தால் தொட்டால், ஆண் குளத்துத் தரையில் ஒரு விந்துப் பொதியை வைக்கும். கூழ்மமான அடித்தளம், அதன் உச்சியில் விந்து. பெண் அதன்மேல் நடந்து உடலுக்குள் எடுத்துக்கொள்ளும். உடலுறவு இல்லாமலே கருவுறுதல் உள்ளே நடக்கிறது. இங்கேயும் ஏமாற்று உண்டு. வேறொரு ஆண் இடையில் புகுந்து, பெண் தொடுவது போலத் தொட்டு, முன்னால் நடப்பவனை வீணாக விந்துப் பொதியை வைக்கவைத்துவிடும். பெண்ணைத் தேடி வந்தவனின் கையிருப்பு காலியாகிறது.

வளர்ந்த நியூட் 12, 15 ஆண்டு வரை வாழும். பனிக்கட்டி மூடிய குளத்துக்கடியில்கூட நீந்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். குளம் வற்றினால் மறுபடி கரையேறிக் காத்திருக்கும். கடலோர மணற்பாங்கான சில இடங்களில் எஃப்ட் பருவமே கிடையாது. லார்வா நேராகக் குளத்திலேயே வளர்ந்துவிடும், சிலவற்றில் செவுள்கூட முழுதும் போவதில்லை. சுற்றிலும் வறண்ட மணல், நடுவில் நிலையான குளம் என்றால் காட்டுக்குப் போவதில் என்ன லாபம்? போகலாமா வேண்டாமா என்பதையும் நிலம் பார்த்துத்தான் முடிவு செய்கிறது இந்த இனம்.

உடலுக்குள்ளும் இதே குணம். சாலமாண்டரின் வெட்டுப்பட்ட காலும் வாலும் மீண்டும் வளர்வதை இத்தாலியின் ஸ்பலான்சானி 1768-இலேயே எழுதிவைத்தார். நியூட்டின் கால் துண்டானால் காயத்தின்மேல் தோல் மூடும், அதனடியில் தசைச் செல்களும் மற்றச் செல்களும் தங்கள் தொழிலை மறந்து, பிரிந்து, ஒரு மொட்டாகத் திரளும். பிளாஸ்டிமா என்று பெயர். அந்த மொட்டிலிருந்து எலும்பு, நரம்பு, விரல் எல்லாம் கொண்ட கால் வாரக்கணக்கில் வளரும். கண்ணில் நடப்பது இன்னும் விசித்திரம். 1891-இல் கொலுச்சியும் 1895-இல் குஸ்தாவ் வோல்ஃபும் தனித்தனியே கண்டது இது: லென்சை நீக்கிவிட்டால், ஐரிசின் மேல் விளிம்பிலுள்ள நிறமிச் செல்கள் நிறத்தை உதிர்த்துவிட்டு, பெருகி, புது லென்சாக மாறுகின்றன. கரு வளரும்போது லென்ஸ் உண்டாவது வெளித்தோலிலிருந்து, இங்கே உண்டாவது ஐரிசிலிருந்து. கரு நாட்களில் போன பாதை வேறு, திரும்பி வரும் பாதை வேறு. ஜப்பானின் கோரோ எகுச்சியும் அமெரிக்காவில் பணியாற்றிய பனாகியோட்டிஸ் சோனிசும் ஜப்பானிய நியூட்டுகளின் லென்சை 16 ஆண்டுகளில் 18 முறை நீக்கினார்கள். பதினெட்டாவது முறை வளர்ந்த லென்சும், ஒருமுறைகூட அறுக்கப்படாத நியூட்டின் லென்சைப் போலவே தெளிவாக இருந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். அப்போது அந்த நியூட்டுகளுக்கு வயது குறைந்தது முப்பது. நம் வீட்டுப் பெரியவர்களின் கண்புரை அறுவையை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இப்படி எந்தப் பருவத்தையும் முடிவான பருவமாக எடுத்துக்கொள்ளாத விலங்கை, ஏதாவதொரு பருவத்தில் மட்டும் பார்த்துவிட்டு அதுதான் இது என்று நினைப்பது ராஃபினெஸ்க்கோடு முடிந்த பிழை அல்ல. டக்ளஸ் கில் 1970-களில் வர்ஜீனியாவின் மலைக்குளங்களில் ஆயிரக்கணக்கான நியூட்டுகளைக் குறியிட்டுப் பின்தொடர்ந்தார். முட்டையிட ஒருமுறை ஒரு குளத்தைத் தேர்ந்த நியூட், மறு ஆண்டும் அதே குளத்துக்குத்தான் வந்தது. பக்கத்துக் குளத்தை எட்டிப் பார்க்கவில்லை. நியூட்டுகள் நிறைந்து தெரிந்த குளங்கள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் எஃப்ட் என்று ஏறக்குறைய ஒன்றுமே தேறி வெளிவரவில்லை. லார்வாக்களை அட்டைகள் தீர்த்துக்கொண்டிருந்தன. ஆனாலும் அக்குளங்களில் நியூட்டுகள் குறையவில்லை. எங்கோ நன்றாக விளைந்த ஓரிரு குளங்களின் எஃப்ட்டுகள் காட்டு வழியே வந்து இங்கே சேர்ந்துகொண்டிருந்தன. குளம் மட்டும் பார்த்தால் வளமான குளம். காட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது வரவை நம்பி ஓடும் குளம் என்று தெரியும்.

குளத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டு, அதற்கப்பால் வீட்டுமனை பிரித்துவிட்டால் நியூட்டைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆறோடு தொடர்பில்லாத சிறு குளங்களுக்கு அமெரிக்க மத்தியச் சட்டம் தந்த பாதுகாப்பும் 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மறுபுறம், ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய ஒழிந்துபோன பீவர்கள் திரும்பிவிட்டன. மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஓடையை மறித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் காட்டுக்கு நடுவே குளம் வெட்டித்தருகின்றன. எஃப்ட்டுகள் பழைய குளத்தையே பிடித்துத் தொங்கியிருந்தால் இந்தப் புதுக் குளங்களில் நியூட் குடியேறியிருக்காது.

தானாக நடந்து போன பயணங்களைச் சொன்னேன். நியூட்டுகளை மனிதர்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோன பயணம் ஒன்றும் உண்டு. கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்காக ஆசியாவின் நியூட்டுகள் பெருமளவில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அவற்றின் தோலில் ஒரு பூஞ்சையும் போனது. நெதர்லாந்தில் தீச் சாலமாண்டர்கள் ஒன்றுவிடாமல் சாகத் தொடங்கியதை ஆராய்ந்த ஆன் மார்ட்டெல் குழு 2013-இல் அந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டது. சாலமாண்டரைத் தின்பது என்ற பொருள்பட வைத்த பெயர். ஆசிய நியூட்டுகள் அதோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. 150 ஆண்டுக்கும் முந்தைய ஒரு ஜப்பானிய நியூட்டின் அருங்காட்சியக மாதிரியிலும் அதன் தடயம் கிடைத்தது. பழகாத தோலை அது புண்ணாக்கி அரித்துவிடுகிறது. தோல் வழியே மூச்சும் நீரும் எடுக்கும் விலங்குக்குத் தோல் போனால் எல்லாம் போயிற்று. ஆய்வகத்தில் சோதித்ததில் மிக எளிதாகச் சாகும் இனங்களில் கிழக்கத்திய நியூட்டும் ஒன்று. ஊருக்கு ஊர், குளத்துக்குக் குளம் போகும் இயல்புள்ளதென்பதால், வந்துவிட்டால் இதுவே பரப்பும்.

அமெரிக்கா 2016 ஜனவரியில் 20 பேரினங்களைச் சேர்ந்த 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. கிழக்கத்திய நியூட்டின் பேரினமும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் கொண்டுபோவதையும் தடுக்க அந்தத் தடைக்கு அடிப்படையான சட்டத்துக்கு அதிகாரமில்லை என்று அடுத்த ஆண்டே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக இறக்குமதிக்குத்தான் தடை, உள்ளூர் வியாபாரத்துக்கு அல்ல. ஆயிரக்கணக்கான நியூட்டுகளின் தோலைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்தும் வட அமெரிக்கக் காடுகளில் பூஞ்சை அகப்படவில்லை. ஆனாலும் குளம் குளமாகப் போகும் உயிரியலாளர்கள், நியூட்டுக்கு நியூட் கையுறையை மாற்றிக்கொண்டு, ஒரு குளத்தில் நனைந்த பூட்ஸையும் வலையையும் பிளீச் கரைசலில் கழுவிய பிறகே அடுத்த குளத்தில் இறங்குகிறார்கள்.